பத்தாண்டுகள் யாரும் கேட்காத பிறப்புப் பதிவு

1997-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய சிறிய பதிப்பகம் ஒன்று, மீஷா டெஃபோன்சேக்கா என்ற பெல்ஜியப் பெண்ணின் போர்க்கால நினைவுகளை நூலாக வெளியிட்டது. 1941-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருடைய யூதப் பெற்றோரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்களாம். அப்போது அவருக்கு ஏழு வயது. ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வேறு பெயர் சூட்டி அவரை வளர்த்தது. சிறுமி அந்த வீட்டிலிருந்து ஓடி, பெற்றோரைத் தேடி ஜெர்மனி, போலந்து, உக்ரைன் வரை நடந்தாள். காட்டில் ஓநாய்கள் அவளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டன. வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்குள் போய்த் திரும்பினாள். ஒரு ஜெர்மானியப் படைவீரனைக் கொன்றாள். ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நடந்த கதை. நூல் ஐரோப்பாவில் பெருமளவில் விற்றது, பல மொழிகளில் வந்தது, பிரான்சில் திரைப்படமும் ஆயிற்று.

2008 பிப்ரவரி இறுதியில் அவரே உண்மையை ஒப்புக்கொண்டார். பெற்றோர் யூதர் அல்லர். நடைப்பயணமும் ஓநாய்களும் கற்பனை. அவருடைய பெயர் மோனிக் டெ வேல். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்.

இந்த வழக்கு பெரும்பாலும் இலக்கிய மோசடியாகவே பேசப்பட்டிருக்கிறது. நான் இதை வம்சாவளி ஆய்வின் வழக்காகப் பார்க்கிறேன். யூதக் குடும்ப வரலாற்றைத் தேடித்தரத் தொழில்முறை ஆய்வாளர் ஒருவரை அமர்த்த நினைப்பவர், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பெரிய வரலாற்றாசிரியர்களாலும் நீதிமன்றத்தாலும் பத்தாண்டுகளாக அவிழ்க்க முடியாத முடிச்சை, இரண்டு மூன்று வம்சாவளி ஆய்வாளர்கள் சில மாதங்களில் அவிழ்த்தார்கள். அவர்களிடம் ரகசிய ஆவணம் எதுவும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய அலுவலகத்தில் கேட்டார்கள்.

சந்தேகம் இருந்தும் சரிபார்ப்பு இல்லை

நூல் வெளியாகும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. ஹோலோகாஸ்ட் எனப்படும் யூத இன அழிப்பு பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற லாரன்ஸ் லேங்கர், டெபோரா ட்வோர்க் இருவரும் இது நடந்திருக்க முடியாது என்று பதிப்பாளர் ஜேன் டேனியலிடம் சொன்னார்கள். நூல் நின்றுவிடவில்லை. தன் கைக்கு வந்த சாட்சியத்தைப் பொய் என்று சொல்ல எவருக்குத்தான் துணிவு வரும்? பெற்றோரை இழந்ததாகச் சொல்லும் ஒருவரிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்பது கொடுமையாகத் தோன்றும். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தயக்கத்துக்குள்தான் பொய் பத்தாண்டுகள் பத்திரமாக இருந்தது.

சந்தேகப்பட்டவர்களும் தவறான இடத்தில் நின்றே வாதிட்டார்கள். ஓநாய் மனிதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுமா, ஒரு சிறுமியால் பனியில் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, கெட்டோவின் மதிலைத் தாண்ட முடியுமா என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் “அரிது, ஆனால் நடக்கலாம்” என்று யாராவது பதில் சொல்லிவிடலாம். போரில் நம்ப முடியாதவை நிறையவே நடந்திருக்கின்றன. உயிர் பிழைத்தவர் ஒவ்வொருவரின் கதையிலும் நம்ப முடியாத ஒரு திருப்பம் இருக்கத்தான் செய்யும். கதை நம்பும்படியாக இருக்கிறதா என்று எடைபோடுவதால் எதையும் நிறுவ முடியாது.

இதற்கிடையே பதிப்பாளருக்கும் நூலாசிரியருக்கும் பண விவகாரத்தில் பகை மூண்டது. நூலை எழுதிக்கொடுத்த வேரா லீயும் டெஃபோன்சேக்காவும் டேனியல் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2001-இல் ஜூரி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி இழப்பீட்டை மூன்று மடங்காக்கினார். மொத்தம் 3.24 கோடி டாலர், அதில் டெஃபோன்சேக்காவின் பங்கு 2.25 கோடி. 2005-இல் மேல்முறையீடும் தோற்றது. அந்த ஆண்டுகள் முழுவதும் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான். கதை உண்மையா என்று யாரும் கேட்கவில்லை.

தேடலைத் தொடங்கிய விதம்

டேனியல் தன் தரப்புக் கதையை இணையத்தில் எழுதத் தொடங்கினார். அதைப் படித்த ஷாரன் சார்ஜென்ட் என்ற மாசசூசெட்ஸ் வம்சாவளி ஆய்வாளர் அவரோடு தொடர்பு கொண்டார். தடயவியல் வம்சாவளியில் தேர்ந்த காலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் சேர்ந்தார்.

டெஃபோன்சேக்கா சொன்னபடி பார்த்தால் தேடுவதற்கு எதுவுமே இல்லை. பெற்றோரின் முதற்பெயர்களை மட்டும் சொன்னார். குடும்பப் பெயர் தெரியாது என்றார். குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் பதிவேட்டையும் புரட்ட முடியாது. “பெற்றோர் பெயர் இன்னது, தேடிப்பாருங்கள்” என்று அப்படியே ஓர் ஆய்வாளரிடம் கொடுத்திருந்தால், நேர்மையான ஆய்வாளர் கைவிரித்திருப்பார். காசுக்கு ஆசைப்படுகிறவர் ஏதோ ஒரு நாடுகடத்தல் பட்டியலில் பொருந்துவதுபோல் தெரியும் ஒரு தம்பதியைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்.

சார்ஜென்ட் பெற்றோரை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் பெண்ணைப் பிடித்தார். வம்சாவளித் தொழிலில் இது பாலபாடம்: உறுதியாகத் தெரிந்த நபரிடமிருந்து, உறுதியான தாள்களிலிருந்து, ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அப்படி அவர் பார்த்தவற்றில் முதலாவது நூலின் வெவ்வேறு பதிப்புகள். வளர்ப்புக் குடும்பம் சூட்டியதாகச் சொன்ன பெயர் அமெரிக்கப் பதிப்பில் மோனிக் டெ வேல் என்று இருந்தது. பிரெஞ்சுப் பதிப்பில் அது மோனிக் வாலே ஆகியிருந்தது. கற்பனைப் பாத்திரத்தின் பெயரென்றால் மாறலாம். தன் சொந்த வாழ்வில் தான் தாங்கிய பெயர் ஏன் மாற வேண்டும்? பெல்ஜிய வாசகர்களின் கையில் சேரப்போகும் பதிப்பில் ஏன் மாற வேண்டும்? அந்தப் பெயரைக் கேட்டால் அடையாளம் கண்டுகொள்ளும் மனிதர்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான் இயல்பான ஊகம்.

இரண்டாவது, பழைய வழக்குக் கோப்புகளில் கிடந்த ஒரு வங்கி ஆவணம். அதில் பிறந்த தேதி, பிறந்த ஊர், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் மூன்றும் இருந்தன. 1937 மே 12, எட்டர்பேக். எட்டர்பேக் பிரஸ்ஸல்ஸ் மாநகரத்துக்குள் இருக்கும் ஒரு நகராட்சி.

வங்கித் தாளுக்கு இருக்கும் மதிப்பைச் சற்று யோசித்துப் பாருங்கள். நூலில் எழுதும்போது வாசகர் மனத்தை நோக்கி எழுதுகிறோம். வங்கியில் எழுதும்போது பணம் திரும்பக் கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் எழுதுகிறோம். கதையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத காரணத்துக்காக உருவான தாள்தான் ஆய்வாளருக்குப் பொன். தன்னுடைய பெற்றோரின் குடும்பப் பெயரே தெரியாது என்று நூலில் சொன்னவர், வங்கியில் தாயின் குடும்பப் பெயரை எழுதியிருந்தார். வயதும் இடித்தது. நூலின் சிறுமிக்கு 1941-இல் ஏழு வயது; 1937 மே மாதத்தில் பிறந்தவருக்கு அப்போது நான்கு வயது.

பிரஸ்ஸல்ஸில் ஒருவர்

மாசசூசெட்ஸில் உட்கார்ந்துகொண்டு இதற்குமேல் போக முடியாது. பெல்ஜியத்தில் எவெலின் ஹேண்டல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அவரும் ஆய்வாளர். போரின்போது உண்மையாகவே ஒளித்துவைக்கப்பட்ட யூதக் குழந்தைகளில் ஒருவர். பெற்றோரை இன அழிப்பில் இழந்தவர். மற்றவர்கள் கேட்கத் தயங்கிய சான்றிதழைத் தேடும் தார்மீக உரிமை அவருக்கு இருந்ததுபோல் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

அவர் தேடலில் கிடைத்தவற்றில் இரண்டு ஆவணங்கள் வழக்கை முடித்துவைத்தன. ஒன்று, மோனிக் டெ வேலின் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவு. மற்றொன்று, ஸ்கார்பேக் நகராட்சியில் ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1943-இல், நூலின்படி சிறுமி ஓநாய்களோடு கிழக்கே அலைந்துகொண்டிருந்த காலத்தில், பிரஸ்ஸல்ஸ் பள்ளி ஒன்றில் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது.

இவற்றைப் படித்த விதத்தில்தான் தொழில் தெரிந்தவரின் கை தெரிகிறது. ஞானஸ்நானப் பதிவு ஒன்றைக் கண்டவுடன் “இவர் யூதர் அல்லர்” என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழை. பெல்ஜியத்தில் கன்னியர் மடங்களிலும் கத்தோலிக்க வீடுகளிலும் ஒளித்துவைக்கப்பட்ட யூதக் குழந்தைகள் பலருக்கு, காப்பாற்றுவதற்காகவோ மதமாற்றத்துக்காகவோ, ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருக்கிறது. போலி அடையாள அட்டைகளும் புழக்கத்தில் இருந்தன. ஆகவே பதிவின் தேதி முக்கியம். ஒளித்துவைக்கப்பட்ட குழந்தையின் ஞானஸ்நானம் 1942-லோ அதற்குப் பிறகோ வரும். மோனிக்கின் ஞானஸ்நானம் அவர் பிறந்த 1937-லேயே நடந்திருக்கிறது. ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது 1940 மே மாதத்தில். வராத ஆபத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே யாரும் குழந்தையை ஒளித்துவைப்பதில்லை.

உண்மையான ஒளிவுக் குழந்தைகளின் வரலாறு இதோடு வைத்துப் பார்க்கத்தக்கது. பெல்ஜியத்தின் யூதப் பாதுகாப்புக் குழு 1942-இல் உருவாகி, ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல இடங்களில் மறைத்துவைத்தது. அதில் பணியாற்றியவர்களில் ஸ்கார்பேக்கில் பிறந்த ஆசிரியை ஆண்ட்ரே கூலன் ஒருவர். குழந்தையின் உண்மைப் பெயர் ஒரு குறிப்பேட்டில், போலிப் பெயர் வேறொன்றில், இருக்கும் முகவரி இன்னொன்றில் என்று எழுதி, எண்களால் இணைத்து, தனித்தனி இடங்களில் வைத்தார்கள். ஒரு குறிப்பேடு நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டபோவின் கையில் சிக்கினாலும் அதை மட்டும் வைத்து எந்தக் குழந்தையையும் பிடிக்க முடியாது. போர் முடிந்தபின் பிள்ளைகளை உறவினர்களிடம் சேர்க்க அந்தக் குறிப்பேடுகள்தான் உதவின. உயிரைக் காப்பாற்றுவதோடு பெயரையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த அந்தப் பெண்களை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. இப்படி ஒரு வரலாறு இருக்கும் நாட்டில் கற்பனைக் குழந்தை ஒன்றை நுழைத்ததன் கனம் அதற்குப் பிறகுதான் முழுதாக உறைக்கிறது.

இருந்திருக்க வேண்டிய தாள்கள்

மீஷாவின் பெற்றோர் உண்மையாகவே பிரஸ்ஸல்ஸ் யூதர்களாக இருந்திருந்தால் என்னென்ன கிடைத்திருக்க வேண்டும்? வம்சாவளி ஆய்வாளரின் பட்டறிவு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கிடைத்ததைவிட, கிடைக்காமல் போனது பேசும்.

போருக்கு முன் பெல்ஜியத்தில் இருந்த யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடியுரிமை பெறாத வெளிநாட்டவர். போலந்திலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். வெளிநாட்டவர் காவல் துறை ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு வைத்திருந்தது. பிறந்த ஊர், மணம், தொழில், மாறிய முகவரிகள், சில கோப்புகளில் புகைப்படம். பெல்ஜிய யூத வேர்களைத் தேடும் எவருக்கும் இந்தக் கோப்புதான் முதல் வாசல். அதில் உள்ள போலந்து ஊரின் பெயரை வைத்துக்கொண்டு அங்குள்ள சிவில் பதிவேடுகளுக்குப் போகலாம். ரஷ்ய ஆளுகைக்கு உட்பட்ட போலந்தில் 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. 1868-க்குப் பிந்தியவை ரஷ்ய மொழியில் இருக்கும். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவரைத்தான் அமர்த்த வேண்டும்.

அடுத்தது, கொலைகாரர்கள் உண்டாக்கிய ஆவணங்கள். 1940 அக்டோபர் 28 ஆணையின்படி நகராட்சிகள் யூதர் பதிவேடு தொடங்கின. 50,000-க்கும் மேற்பட்டோர் பதிவாகினர். 1941 நவம்பரில் ஜெர்மானியர் உத்தரவில் பெல்ஜிய யூதர் சங்கம் அமைக்கப்பட்டது. அதற்கும் உறுப்பினர் அட்டைகள் உண்டு. மெக்கலன் ஊரின் டோசன் முகாமிலிருந்து நாடுகடத்தப்பட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ரயில்வாரியாக இருக்கின்றன. அந்த முகாமிலிருந்து முதல் ரயில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்டது 1942 ஆகஸ்ட் 4 அன்று. 1941-இல் பெல்ஜியத்திலிருந்து யூதர்களைக் கூட்டமாக நாடுகடத்தும் வேலையே தொடங்கவில்லை. பெல்ஜிய வரலாற்றாசிரியர் மக்ஸிம் ஸ்டைன்பெர்க் இதைத்தான் சுட்டிக்காட்டினார். கதையின் முதல் பக்கத்திலேயே இருந்த ஓட்டை அது. ஓநாய் வரை போக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

தந்தையின் பெயர்

ஒப்புதல் வாக்குமூலத்தில் வேறொரு வரலாறு வெளிவந்தது. மோனிக்கின் பெற்றோரான ராபர்ட் டெ வேல், ஜோஸஃபின் தம்பதி நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்கள், 1941-இல் கைதானார்கள், இருவரும் திரும்பவில்லை. நான்கு வயதுக் குழந்தை தாத்தாவிடமும் பிறகு சித்தப்பா வீட்டிலும் வளர்ந்தது. தந்தை சிறையில் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற பேச்சு பரவியதால், “துரோகியின் மகள்” என்று அந்தக் குழந்தையை அழைத்தார்களாம். ஸ்கார்பேக் நகராட்சியின் நினைவுக் கல்லிலிருந்து அந்தத் தந்தையின் பெயர் நீக்கப்பட்டதையும் பெல்ஜியப் பத்திரிகைகள் தோண்டி எடுத்தன.

இந்தப் பகுதி என்னைச் சங்கடப்படுத்துகிறது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது துயரம்தான். அதற்காக லட்சக்கணக்கானவர்களின் சாவை எடுத்துப் போர்த்திக்கொண்டதை மன்னிக்க முடியாது. ஆனால் ஆய்வு நன்றாக நடந்தால் அது ஒரு பொய்யை உடைப்பதோடு நிற்காது. அந்தப் பொய் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பதையும் காட்டும். யூதக் குடும்பங்களின் தேடல்களிலும் இப்படி நடக்கும்: வீரச்செயல் என்று சொல்லப்பட்டதன் பின்னே கைவிடப்பட்ட முதல் மனைவி, போருக்கு முன் பிறந்து இறந்த பிள்ளைகள், ஒருவரும் வாய் திறக்காத ஓர் அண்ணன். ஆய்வாளரை அமர்த்தும் முன் குடும்பத்துக்குள் இதைப் பேசிவிட வேண்டும். கிடைப்பது பிடிக்காமல் போனால் அறிக்கையைத் திருத்தச் சொல்ல முடியாது.

அமர்த்தும்போது

இந்த வழக்கிலிருந்து ஓர் ஆய்வாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிறது. முதல் சந்திப்பில் அவர் உங்கள் கதையை எவ்வளவு ரசிக்கிறார் என்று பார்க்காதீர்கள். வீட்டில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்று கேட்கிறாரா என்று பாருங்கள். பழைய கடவுச்சீட்டு, குடியுரிமை மனு, கல்லறை ரசீது, இழப்பீட்டுக் கோரிக்கை, வங்கிப் படிவம் எல்லாம் வேண்டும். சார்ஜென்டுக்குக் கதவைத் திறந்தது அப்படியொரு தாள்தான்.

எந்த ஊரில் யார் நேரில் போய்ப் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இன்று ஏராளம் கிடைக்கிறது. போலந்து யூதப் பதிவுகளின் அட்டவணை, இஸ்ரேலின் இன அழிப்பு நினைவு நிறுவனமான யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பு, 2007-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் கொண்ட ஜெர்மனியின் பாத் ஆரோல்சன் காப்பகம் எல்லாம் வீட்டிலிருந்தே தொடக்கம் தருகின்றன. ஆனால் ஸ்கார்பேக் பள்ளிப் பதிவேடு எந்த அட்டவணையிலும் இருந்திருக்காது. அந்த ஊரின் வழக்கம் தெரிந்த ஒருவர் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

கட்டணம் பெரும்பாலும் மணிக்கணக்கில் வாங்கப்படுகிறது. கண்டுபிடித்துத் தருவதாக உறுதி சொல்கிறவரை நம்பக் கூடாது. நீங்கள் பணம் கொடுப்பது தேடலுக்கு. அதனால் அறிக்கையில் எங்கெல்லாம் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் வைத்திருக்கும் அளவுகோலும் இதையே கேட்கிறது: போதுமான அளவு முழுமையான தேடல், ஒவ்வொரு தகவலுக்கும் மூலம், சான்றுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தல், முரண்களுக்குத் தீர்வு, எழுத்தில் ஒரு முடிவு. ஆண்டும் ஊரும் பொருந்தியதும் குடும்ப மரத்தில் ஒட்டிவிடும் அவசரக்காரருக்கு மூன்றாவதும் நான்காவதும் இராது.

பெல்ஜியத்தில் தேட நினைப்பவருக்கு இன்னொன்று. அங்கே பிறப்புப் பதிவு நூறாண்டு கடந்தால்தான் எல்லோருக்கும் திறக்கும். மணப் பதிவுக்கு 75 ஆண்டு, இறப்புப் பதிவுக்கு 50. அதற்கு முன் உரியவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ கேட்க வேண்டும். ஆய்வாளர் உங்கள் சார்பில் விண்ணப்பிக்க, உறவை நிறுவும் சான்றுகளோடு எழுத்துப்பூர்வ அனுமதியையும் கொடுத்தாக வேண்டும். இதை ஒப்பந்தத்தோடு சேர்த்தே முடித்துவிட்டால் வீணான காத்திருப்பு குறையும்.

டேனியல் கையில் இருந்த ஆவணங்களோடு மீண்டும் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் முதலில் தள்ளுபடி செய்தது. 2010-இல் மேல்முறையீட்டில் வழக்குக்கு உயிர் வந்தது. 2014-இல் மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2.25 கோடி டாலர் இழப்பீடு டெஃபோன்சேக்காவுக்கு உரியதில்லை என்ற தீர்ப்பை உறுதிசெய்தது.